கோப்பையை எண்ணாதீங்க, பிள்ளையைக் கேளுங்க!

பட்டிமன்றத் தலைப்பு: விளையாட்டு அணிக்குப் பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பெயரும் புகழுமா, வளர்த்துவிடும் திறமையா?

‘வளர்த்துவிடும் திறமையே’ என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியவரின் உரை

எதிரே உட்கார்ந்திருந்தாலும் என்றைக்கும் அன்போடு பழகுகிற எதிரணி நண்பர்களே! இந்த மயிலாப்பூர் சபாவிலே நாற்காலி கிடைக்காமல் சுவரோரமாக நின்றுகொண்டிருக்கிற பெரியோர்களே! வீட்டிலே தொலைக்காட்சிப் பெட்டி முன்னாலே ஒரு கையில் காப்பி டம்ளரும் ஒரு கையில் ரிமோட்டுமாக உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே! அந்த ரிமோட்டை மட்டும் ஒரு கால் மணி நேரம் கீழே வெச்சிடுங்கம்மா. (சிரிப்பு)

எனக்கு முன்னாலே பேசிய பேராசிரியர் அம்மா என்ன சொன்னாங்க? “ஒரு பெரிய ஆட்டக்காரரைக் கொண்டுவந்து மைதானத்திலே நிறுத்துங்க, பசங்க தானா வருவாங்க” அப்படின்னாங்க. நல்லா கைதட்டலும் வாங்கினாங்க. வருவாங்கம்மா. நான் இல்லேங்கல. எதுக்கு வருவாங்க? ஆட்டோகிராப் வாங்க வருவாங்க! (சிரிப்பு, கைதட்டல்) ஆட்டோகிராப் வாங்கினவன் அன்னிக்கே வீட்டுக்குப் போயிடுவான். ஆட வர்றவன் மறுநாள் காலையிலே அஞ்சரை மணிக்கு வருவான். அதுக்கும் மறுநாள் வருவான். அவனுக்கு யார் வேணும்? அதுதான் ஐயா இன்னிக்குக் கேள்வி.

இது சாதாரணக் கேள்வி இல்லீங்க. ஒரு கல்லூரியிலே விளையாட்டு ஒதுக்கீட்டிலே ஒரு பையன் சேர்றான். அவங்க அப்பா மீன்பாடி வண்டி ஓட்டுறவரா இருக்கலாம். அம்மா நாலு வீட்டிலே பாத்திரம் தேய்க்கிறவங்களா இருக்கலாம். அந்தக் குடும்பத்திலே முதல் முதலா கல்லூரி வாசலை மிதிச்சவன் அவன். அவன் காலிலே பந்து இருக்கு, அதனாலே கையிலே புத்தகம் வந்தது. நம்ம வியாசர்பாடியிலேர்ந்து கிளம்பின நந்தகுமார் சேகர் இந்தியக் கால்பந்து அணியின் சட்டையைப் போட்டார். எல்லாரும் நந்தகுமார் ஆக முடியாது. ஆனா எல்லாரும் ஒரு பட்டத்தோட வெளியே வரலாம். அந்தப் பையன் மூணு வருஷம் நிலைச்சு நிக்கிறானா, நடுவிலே ஓடிப் போறானான்னு பெரும்பாலும் தீர்மானிக்கிறவர் யாரு? முதல்வர் இல்லே, தமிழ் வாத்தியாரான நானும் இல்லே. அந்தப் பயிற்சியாளர். அவரைத் தேர்ந்தெடுக்கிற நாற்காலியிலே உட்கார்றவன், தெரிஞ்சோ தெரியாமலோ நாற்பது வீட்டு அடுப்பைத் தீர்மானிக்கிறான்.

அப்படின்னா எப்படித் தேர்ந்தெடுக்கிறது? நான் பெரிய பெரிய புத்தகமெல்லாம் தேடிப் போகல. நம்ம ஊரையே சுத்தி வந்தேன். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு. மூணு இடத்திலேயும் ஆளுக்கு ஒரு சோதனை கிடைச்சுது.

முதல் சோதனை, மயிலாப்பூர் சோதனை. இந்த மாட வீதியிலே ஒரு மாமி தன் பேத்திக்குப் பாட்டு வாத்தியார் தேடறாங்கன்னு வெச்சுக்குங்க. என்ன செய்வாங்க? அந்த வாத்தியார் எந்தச் சபாவிலே கச்சேரி பண்ணினார், எத்தனை சால்வை வாங்கினார்னு முதல்ல கேட்க மாட்டாங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கு அந்த வீட்டுத் திண்ணையோரமா, காய்கறிப் பையோட, செருப்பு வார் அறுந்துபோன மாதிரி குனிஞ்சு நிப்பாங்க. (சிரிப்பு) காது மட்டும் உள்ளே இருக்கும். உள்ளே பத்துப் பிள்ளைங்க பாடும். நல்லா பாடுற முதல் பிள்ளையை மாமி கேட்க மாட்டாங்க. அது கடவுள் கொடுத்த குரல், யார்கிட்டே போனாலும் பாடும். கடைசியிலே ஒரு பிள்ளை, சுமாரான சாரீரம், அது சுருதியிலே சேருதா? அதைத்தான் கேட்பாங்க. அது சேர்ந்துதுன்னா, மறுநாளே வெத்தலை பாக்கு!

(கைதட்டல்)

நடுவர்: அப்போ மாமியைத்தான் தேர்வுக் குழுவிலே போடணும்கறீங்க!

போடலாம் ஐயா. சம்பளமும் மிச்சம், தேர்வும் சரியா இருக்கும். (சிரிப்பு)

இந்தச் சோதனையிலே முதல் மார்க் வாங்குற ஒருத்தரைச் சொல்றேன். சையத் அப்துல் ரஹீம். ஐதராபாத்துக்காரர். தொழில் என்ன? பள்ளிக்கூட வாத்தியார். இந்திய அணிக்காக ஒரு ஆட்டம் கூட ஆடினவர் இல்லே. எதிரணிக் கணக்குப்படி அவருக்கு நேர்முகத் தேர்வுக்கே கடிதம் போயிருக்காது. ஆனா 1950லேர்ந்து 1963 வரைக்கும் இந்தியக் கால்பந்து அணி அவர் கையிலே. 1951 புது டில்லி ஆசிய விளையாட்டிலே தங்கம். 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கிலே நாலாவது இடம். 1962 ஜகார்த்தாவிலே மறுபடியும் தங்கம். அந்த இறுதி ஆட்டத்திலே தென் கொரியாவை 2க்கு 1ன்னு ஜெயிச்சாங்க. தலையிலே தையல் போட்டிருந்த ஜர்னைல் சிங்குன்னு ஒரு தடுப்பாட்டக்காரர். தலையாலே பந்தை அடிச்சுத் தடுக்க முடியாது. உட்கார வைக்கலாம். வாத்தியார் என்ன பண்ணினார் தெரியுமா? அவரைத் தூக்கி முன்வரிசையிலே போட்டார். போட்ட ஆள் கோல் அடிச்சார்! (கைதட்டல்) தன் பையன் எங்கே நின்னா உபயோகப்படுவான்னு வாத்தியாருக்குத் தெரியும். அப்போ ரஹீமுக்குப் புற்றுநோய். மறு வருஷமே, 1963லே, காலமாயிட்டார். 1962க்கு அப்புறம் ஆசிய விளையாட்டுக் கால்பந்திலே நமக்கு இன்னொரு தங்கம் வரலீங்க.

எதிரணி நண்பர் ஒருத்தர் டென்னிஸ் லில்லியைக் கொண்டு வந்தார். “சேத்துப்பட்டிலே எம்.ஆர்.எஃப். வேகப்பந்துப் பள்ளி 1987லே ஆரம்பிச்சாங்களே, அதுக்கு யாரைக் கூப்பிட்டாங்க? 355 டெஸ்ட் விக்கெட் எடுத்த லில்லியைத்தானே?” அப்படின்னார். உண்மை. ஆனா லில்லி அங்கே என்ன பண்ணினார்? பேரை மாட்டி வெச்சுட்டு ஊருக்குப் போயிடல. வந்து வந்து, 2012 வரைக்கும், 25 வருஷம் அந்தப் பள்ளியோட இருந்தார். இன்னொண்ணும் உங்களுக்கே தெரிஞ்ச கதை. பம்பாயிலேர்ந்து ஒரு சின்னப் பையன் வேகப்பந்து வீசக் கத்துக்கணும்னு அங்கே வந்தான். லில்லி பார்த்தார். “தம்பி, நீ பேட்டிங்கிலே கவனம் வை”ங்கற மாதிரி சொல்லி அனுப்பினார். அந்தப் பையன் பேர் சச்சின் டெண்டுல்கர்! (கைதட்டல்) 355 விக்கெட் எடுத்ததுக்காகவா லில்லியைக் கும்பிடறோம்? எதிரே நிக்கிற பையன் யாருன்னு கண்டுபிடிச்சாரே, அதுக்காகக் கும்பிடறோம். அது எங்க கட்சி ஐயா! லில்லி உங்க பக்கத்து நாற்காலியிலே உட்கார்ந்துகிட்டு எங்களுக்கு ஓட்டுப் போடறார். (சிரிப்பு)

ரெண்டாவது சோதனை, தியாகராய நகர் சோதனை. உஸ்மான் ரோட்டிலே, பாண்டி பஜாரிலே பட்டுப் புடவை எடுக்கிற தாய்மாரைப் பார்த்திருக்கீங்களா? கடைக்காரர் புடவையை விரிச்சுப் போடுவார். முந்தானை ஜொலிக்கும். கூட வந்த வீட்டுக்காரர் “நல்லா இருக்கு, எடுத்துடு, போலாம்” அப்படின்பார். அவருக்குப் போகணும், அவ்வளவுதான். (சிரிப்பு) அந்த அம்மா என்ன செய்வாங்க? முந்தானையைப் புரட்டுவாங்க. பின்பக்கம் நூல் எப்படி ஓடியிருக்கு, முடிச்சு தொங்குதான்னு பார்ப்பாங்க. முன்பக்கம் எல்லாப் புடவையும் அழகுதான். நெசவு தெரியறது பின்பக்கத்திலே!

பயிற்சியாளரோட கோப்பை இருக்கே, அதுவும் முந்தானை மாதிரி. புரட்டிப் பார்க்கணும். அவர் வந்தப்போ அணி எந்த நிலையிலே இருந்தது? கையிலே என்ன கொடுத்தாங்க? அதை வெச்சு என்ன பண்ணினார்?

நம்ம சென்னையின் எஃப்.சி.யையே எடுத்துக்குங்க. 2014லே ஆரம்பிச்ச அணி. 2015லே சாம்பியன். அப்புறம் ஜான் கிரிகரின்னு இங்கிலாந்துக்காரர் பயிற்சியாளரா வந்தார். 2018 மார்ச்சிலே பெங்களூரிலேயே போய் பெங்களூரு அணியை 3க்கு 2ன்னு ஜெயிச்சு மறுபடியும் கோப்பை. ஊரே கொண்டாடிச்சு. அடுத்த சீசன்? அதே பயிற்சியாளர்தான். 18 ஆட்டம். 9 புள்ளி. பத்து அணியிலே பத்தாவது இடம்! கோப்பை வாங்கின கை அப்படியேதான் இருந்தது. நான் அவரைக் குறை சொல்லல. ஜெயிச்சுக் காட்டினவர். கோப்பைங்கறது போன வருஷத்து ரசீது, வர்ற வருஷத்துக்கு உத்தரவாதம் இல்லேன்னு சொல்றேன்.

2019 கடைசியிலே கிரிகரி விலகினார். ஓவன் காயில் வந்தார். அப்போ அணி பட்டியலோட அடிப்பக்கத்திலே கிடந்தது. ஆட்டக்காரங்களும் அதே ஆளுங்கதான். அங்கேர்ந்து தூக்கி நாலாவது இடத்துக்குக் கொண்டு வந்து, 2020 மார்ச்சிலே இறுதி ஆட்டம் வரைக்கும் கூட்டிக்கிட்டுப் போனார். இறுதியிலே ஏ.டி.கே. கிட்டே 3க்கு 1ன்னு தோத்தாங்க. அந்த சீசனை மட்டும் வெச்சுப் பார்த்தா அவரோட விண்ணப்பத்திலே என்ன இருக்கும்? “கோப்பை: இல்லை.” எதிரணி நண்பர்கள் தேர்வுக் குழுவிலே இருந்தா அந்தத் தாளை ஓரமா வெச்சிடுவாங்க. புடவையைப் புரட்டத் தெரிஞ்ச தியாகராய நகர் அம்மா இருந்தா, “கொஞ்சம் இருங்க, இந்தத் தறிக்காரர் யாரு?”ன்னு கேட்பாங்க! (கைதட்டல்)

இப்போ கொஞ்சம் கடல் தாண்டிப் போவோம். அமெரிக்காவிலே ‘கால்பந்து’ன்னா நம்ம கால்பந்து இல்லீங்க. முட்டை மாதிரி ஒரு பந்து. பேர்தான் கால்பந்து, கையிலே தூக்கிட்டு ஓடுவாங்க. (சிரிப்பு) கல்லூரிக்குக் கல்லூரி அணி இருக்கு. தலைமைப் பயிற்சியாளருக்குக் கொடுக்கிற சம்பளத்தைக் கேட்டா நம்ம துணைவேந்தர் எல்லாம் ராஜினாமா பண்ணிட்டு விசில் வாங்கப் போயிடுவாங்க! (பலத்த சிரிப்பு)

அங்கே வட கரோலினா பல்கலைக்கழகம், 2024 டிசம்பரிலே பில் பெலிச்சிக்னு ஒருத்தரை நியமிச்சுது. எப்பேர்ப்பட்ட பேரு! அந்த நாட்டுத் தொழில்முறைப் போட்டியிலே தலைமைப் பயிற்சியாளரா 6 தடவை சூப்பர் பவுல் பட்டம் வாங்கினவர். வருஷத்துக்குச் சுமார் 1 கோடி டாலர். ஆனா அதுவரைக்கும் ஒரு கல்லூரி அணிக்குக் கூடப் பயிற்சி கொடுத்ததில்லே. 2025லே முதல் சீசன் ஆடினாங்க. 4 வெற்றி, 8 தோல்வி.

அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, 2023 நவம்பர் கடைசியிலே, இந்தியானா பல்கலைக்கழகம் ஒரு ஆளை எடுத்தாங்க. கர்ட் சிக்னெட்டி. ஊருக்கே தெரிஞ்ச பேர் இல்லே. ஆனா சின்னச் சின்னக் கல்லூரிகளிலே 2011லேர்ந்து தலைமைப் பயிற்சியாளரா இருந்து, போன இடத்திலே எல்லாம் அணியை நிமிர்த்தினவர். அவர் வர்றதுக்கு முன்னாடி இந்தியானா அந்த வருஷம் ஜெயிச்சது 3, தோத்தது 9. அவர் வந்த முதல் சீசன், 2024லே, ஜெயிச்சது 11, தோத்தது 2! இதிலே நான் ரசிச்சது என்ன தெரியுமா? அவர் பழைய கல்லூரியை விட்டுக் கிளம்பினப்போ, அங்கே அவர்கிட்டே ஆடின பிள்ளைங்க பத்துப் பேருக்கு மேலே, “சார் எங்கேயோ நாங்களும் அங்கேயே”ன்னு கூடவே வந்துட்டாங்க. இதுக்கு மேலே ஒரு நற்சான்றிதழ் வேணுமா ஐயா? மாமி கேட்ட திண்ணைப் பாட்டு இதுதானே? (கைதட்டல்)

எதிரணித் தலைவர் பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார். கேரி கிர்ஸ்டனைக் கையிலே வெச்சிருக்கார். அவர் எடுத்து வீசறதுக்குள்ளே நானே எடுத்து வெச்சிடறேன். (சிரிப்பு) கிரேக் சாப்பல் 87 டெஸ்ட் ஆடினவர், 24 சதம். 2005லே இந்திய கிரிக்கெட் அணிக்குப் பயிற்சியாளரா வந்தார். 2007 உலகக் கோப்பையிலே முதல் சுற்றிலேயே மூட்டை கட்டினோம். அதுக்கப்புறம் கேரி கிர்ஸ்டன். 101 டெஸ்ட், 21 சதம். 2011 ஏப்ரல் 2, பம்பாயிலே உலகக் கோப்பை. “பார்த்தீங்களா, பெரிய ஆட்டக்காரர் வந்தார், கோப்பை வந்தது” அப்படின்னு சொல்லப் போறார்.

ஐயா, ரெண்டு பேருமே பெரிய ஆட்டக்காரர்தானே? ரெண்டு பேர்கிட்டேயும் சமமா இருக்கிற ஒரு விஷயம், ஒருத்தர் ஜெயிச்சதுக்கும் ஒருத்தர் தோத்ததுக்கும் எப்படிக் காரணமாகும்? ரெண்டு வீட்டிலேயும் அதே கடை உப்பு. ஒரு வீட்டுச் சாம்பார் நல்லா இருக்கு, ஒரு வீட்டுச் சாம்பார் வாயிலே வைக்க முடியல. உப்புக் கடைக்காரரையா கேட்கணும்? வித்தியாசம் வேற எங்கேயோ இருக்கு. கிர்ஸ்டன் வலைப்பயிற்சியிலே தன் கையாலே மணிக்கணக்கா பந்தை எறிஞ்சு எறிஞ்சு பேட்ஸ்மேன்களைத் தயார் பண்ணினவர். தன் சதத்தைப் பத்திப் பேசி இல்லே, தன் தோளைத் தேய்ச்சு!

“சரி, கிர்ஸ்டன் அதுக்கு முன்னாலே எந்த நாட்டு அணிக்கும் பயிற்சி கொடுத்ததில்லையே, உங்க மயிலாப்பூர் சோதனையிலே அவர் தேற மாட்டாரே?” நல்ல கேள்வி. ஒத்துக்கறேன். அது துணிஞ்சு உருட்டின கட்டை. தாயம் விழுந்தது, சந்தோஷம். அதுக்காகத் தாயக்கட்டையை உருட்டியே ஆள் எடுக்க முடியுமா? (சிரிப்பு, கைதட்டல்)

2019லே இந்திய கிரிக்கெட் வாரியம் தலைமைப் பயிற்சியாளர் பதவிக்கு ஒரு தகுதி போட்டாங்க. 30 டெஸ்ட்டோ, 50 ஒருநாள் ஆட்டமோ ஆடியிருக்கணும். அந்த விதியை வெச்சுப் பார்த்தா, ஜான் புக்கானன் வாசலைத் தாண்ட முடியாது. யாரு அவர்? 2003லேயும் 2007லேயும் உலகக் கோப்பை ஜெயிச்ச ஆஸ்திரேலிய அணிக்குப் பயிற்சியாளர்! அவர் ஆடினது ஒரு டெஸ்ட் கூட இல்லே. முதல்தர ஆட்டமே 7தான்! வாட்ச்மேன் தடுத்திருப்பார். (சிரிப்பு)

ஆனா வாசலைத் தாண்டி உள்ளே போனவங்களை எப்படி எடை போட்டாங்க? கபில் தேவ், அன்ஷுமன் கெய்க்வாட், சென்னையிலே பிறந்து 1976லே இந்தியப் பெண்கள் டெஸ்ட் அணிக்கு முதல் கேப்டனா இருந்த சாந்தா ரங்கசாமி, இவங்க மூணு பேர் குழு. ரவி சாஸ்திரி, மைக் ஹெசன், டாம் மூடி, நம்ம சென்னையிலே ஆடி வளர்ந்த ராபின் சிங், லால்சந்த் ராஜ்புத் எல்லாரையும் பார்த்தாங்க. மார்க் போட்ட தலைப்பு அஞ்சு. பயிற்சி பத்தின கொள்கை என்ன, பயிற்சி கொடுத்த அனுபவம் என்ன, அதிலே சாதிச்சது என்ன, பேசிப் புரிய வைக்கத் தெரியுமா, புதுக் கருவிகள் பத்தித் தெரியுமா. கடைசியிலே ரவி சாஸ்திரியையே மறுபடி எடுத்தாங்க. எடுத்தது சரியா தப்பான்னு நான் பேச வரல. கவனிங்க ஐயா, “நீ எத்தனை சதம் அடிச்சே?”ங்கறதுக்கு அந்த அஞ்சிலே ஒரு தலைப்பு கிடையாது! வாசல்லே பேரைக் கேட்டாங்க. அறைக்குள்ளே எங்க கட்சிதான் ஜெயிச்சுது. (பலத்த கைதட்டல்)

இங்கே ஒரு கல்லூரி. பேர் வேண்டாம். பயிற்சியாளர் தேர்வு. விளையாட்டைப் பத்தி ஒண்ணும் தெரியாதவன் ஒருத்தன் நடுநிலையா இருக்கட்டும்னு என்னையும் குழுவிலே போட்டாங்க. (சிரிப்பு) மூணு பேர் குழு. கடைசிச் சுற்றுக்கு ரெண்டு பேர் வந்தாங்க. ஒருத்தர் பெரிய ஆட்டக்காரர். செய்தித்தாள் வெட்டி ஒட்டின ஆல்பமே கல்யாண ஆல்பம் கனத்துக்கு இருந்தது. இன்னொருத்தர் பாட்டியாலாவிலே தேசிய விளையாட்டு நிறுவனத்து டிப்ளமோ முடிச்சவர். கையிலே ஒரு நாற்பது பக்க நோட்டு. நான் ரெண்டு பேர்கிட்டேயும் ஒரே கேள்வி கேட்டேன். “சார், உங்ககிட்டே பயிற்சிக்கு வந்து, கடைசி வரைக்கும் அணியிலே இடம் கிடைக்காத பையன் ஒருத்தன் பேரைச் சொல்லுங்க. அவன் இப்போ என்ன பண்றான்?”

ஆல்பக்காரர் சிரிச்சார். “அதெல்லாம் எங்கே சார் ஞாபகம்!” நோட்டுக்காரர் நோட்டைப் பிரிச்சார். “இந்தப் பையன் சார், கால் முட்டி போயிடுச்சு, நடுவர் தேர்வு எழுத வெச்சேன், இப்போ மாவட்ட ஆட்டத்துக்கெல்லாம் விசில் ஊதறான். இவன் அரியர் எல்லாம் முடிச்சு அம்பத்தூரிலே வேலைக்குப் போறான். இவன்...” அப்படின்னு நிறுத்தினார். “இவன் நடுவிலே நின்னுட்டான் சார். ரெண்டு தடவை வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். வரல. ஏன்னு இன்னும் எனக்குப் புரியல.” அப்படின்னு அந்தப் பேருக்கு நேரா இருந்த கட்டத்தைக் காட்டினார். காலியா இருந்தது. மத்த எல்லாப் பேருக்கும் நேரா ஏதோ எழுதியிருந்தது.

நடுவர்: வேலை யாருக்குக் கிடைச்சுது?

மூணு ஓட்டிலே ரெண்டு, ஆல்பத்துக்கு ஐயா. (அரங்கில் அமைதி) அவர் ரெண்டு வருஷம் இருந்தார். அதைவிடப் பெரிய இடம் வந்தது, போயிட்டார். தப்பில்லே, யாருக்கும் வளர்ச்சி வேணும். ஆனா அந்த ரெண்டு வருஷம் அவர்கிட்டே இருந்த பிள்ளைங்க எங்கே போனாங்கன்னு எழுதி வெச்ச நோட்டு ஒண்ணும் அந்தக் கல்லூரியிலே இல்லே.

அதனாலே மூணாவது சோதனை. அடையாறு சோதனை. தியசாபிகல் சொசைட்டித் தோட்டத்து ஆலமரம் உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்திலே சுற்றுலா கூட்டிட்டுப் போய்க் காட்டியிருப்பாங்க. அந்த மரத்தோட நடு அடிமரம் 1989லே வந்த புயல்லே சாய்ஞ்சு போச்சு. மரம் செத்துதா? இல்லையே! விழுது எல்லாம் மண்ணிலே இறங்கி அதுவே மரமா நிக்குது. பயிற்சியாளரும் அப்படித்தான். அவர் போனப்புறம் என்ன நிக்குது? அவர் விட்ட விழுது எது?

இந்த ஊர் சதுரங்கத்தைப் பாருங்க. விசுவநாதன் ஆனந்த் சின்னப் பையனா ஆடிப் பழகினது அந்நாள் சோவியத் கலாசார மையத்திலே நடந்த டால் சதுரங்க மன்றத்திலே. அவர் உலக சாம்பியன் ஆனார். அதோட நின்னாரா? 2020லே இளம் பிள்ளைகளுக்காக ஒரு பயிற்சி அமைப்பைத் தொடங்கினார். குகேஷுக்குச் சின்ன வயசிலேர்ந்து கூட இருந்து சொல்லிக் கொடுத்தவர் விஷ்ணு பிரசன்னா. பிரக்ஞானந்தாவை வளர்த்தவர் ஆர்.பி.ரமேஷ். இவங்க ரெண்டு பேரும் கிராண்ட் மாஸ்டர்கள்தான், ஆனா உலக சாம்பியன் இல்லே. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூரிலே 18 வயசு குகேஷ் உலக சாம்பியன் ஆனார். உலக சாம்பியனை உருவாக்கறதுக்கு உலக சாம்பியனா இருந்தே ஆகணும்னு சட்டம் இல்லே. விழுது விடத் தெரியணும்! (கைதட்டல்)

எதிரணிக்கு ஒரு நியாயமும் செஞ்சிடறேன். எங்க சோதனையிலே தேறின ஆள் எல்லாம் ஜெயிச்சுடுவாங்களா? இல்லீங்க. காலித் ஜமீல். ஐசாலுன்னு மிசோரம் மாநிலத்து ஒரு சின்ன அணியை 2016-17லே ஐ லீக் சாம்பியன் ஆக்கினவர். 2025 ஆகஸ்டிலே இந்திய அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். வந்தவுடனே மத்திய ஆசிய அணிகளோட ஆடின போட்டியிலே மூணாவது இடம். ஆனா அக்டோபர்லே சிங்கப்பூர்கிட்டே தோத்து, 2027 ஆசியக் கோப்பை வாய்ப்புப் போச்சு. உடனே “தேர்ந்தெடுத்ததே தப்பு”ன்னு கிளம்பிட்டாங்க. பழைய புள்ளிகள் எல்லாம் அவர் வர்றதுக்கு முன்னாலேயே விட்டதுங்க. ரெண்டு மாசத்திலே யாரும் அணி கட்ட முடியாது. வீடு கட்டவே ரெண்டு மாசம் போதாது! (சிரிப்பு)

இதே மயிலாப்பூரிலே கோயில் கொண்டிருக்கிற வள்ளுவர், ஆளைத் தேர்ந்தெடுக்கிறதுக்குன்னே ரெண்டு அதிகாரம் வெச்சார். 51, தெரிந்து தெளிதல். 52, தெரிந்து வினையாடல். அவர் கருத்து என்ன? ஆராயாமல் ஒருத்தனை நம்பறதும் துன்பம், ஆராய்ஞ்சு நம்பினப்புறம் அவன்மேலே சந்தேகப்படறதும் துன்பம். நாம ரெண்டையும் தலைகீழாப் பண்றோம். எடுக்கும்போது பேரைப் பார்த்து மயங்கறோம். எடுத்தப்புறம் மூணு ஆட்டம் தோத்தா கையிலே கடிதம் கொடுக்கறோம்.

அம்மா, அப்பா எல்லாரும் கேளுங்க. நாளைக்கு உங்க பிள்ளையைக் கிரிக்கெட்டுக்கோ, கால்பந்துக்கோ, நீச்சலுக்கோ சேர்க்கப் போவீங்க. வாசல்லே பெரிய பேனர் இருக்கும். யாரோ ஒரு நட்சத்திரத்தோட தோளிலே கை போட்டு எடுத்த படம் இருக்கும். டிப்ளமோ இருக்கான்னு கட்டாயம் பாருங்க. லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டுற வண்டியிலே ஏறக் கூடாது. ஆனா லைசென்ஸ் இருக்குங்கறதாலே மட்டும் வீட்டிலே கொண்டு சேர்ப்பார்னு நம்பவும் கூடாது. ஒரு நாள் காலையிலே சொல்லாமப் போய் வேலி ஓரமா நில்லுங்க. நல்லா ஆடுற பையனை விட்டுடுங்க. கடைசியிலே தடுமாறிக்கிட்டு இருக்கிற பையன்கிட்டே அவர் எப்படிப் பேசறார்னு கேளுங்க. அவன் பேர் அவருக்குத் தெரியுதான்னு பாருங்க. ஏன்னா ஏதோ ஒரு நாள், அந்தக் கடைசிப் பையன் உங்க பையனா இருப்பான்.

ஆகவே நடுவர் அவர்களே, பேரும் புகழும் வாசலைத் திறக்கலாம். மறுக்கல. உள்ளே உட்கார்ந்து பிள்ளைக்குச் சோறு போடறது வளர்த்துவிடும் திறமைதான். அந்த நோட்டிலே காலியா இருந்த ஒரு கட்டத்துக்காக வருத்தப்பட்டாரே ஒரு மனுஷன், அவருக்கு அன்னிக்கு ஒரு ஓட்டுத்தான் கிடைச்சுது. உங்க தீர்ப்பாலே இன்னிக்காவது அவரை ஜெயிக்க வையுங்க!

(நீண்ட கைதட்டல்)